காதைப் பார்த்துப் படம் எடுங்கள்

சென்ற கார்த்திகைப் பௌர்ணமிச் சந்தையின்போது அஜ்மீரை அடுத்த புஷ்கருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். மார்வாரிக் குதிரைகளின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொடும் அழகைக் காமிராவில் பிடிப்பதிலேயே கருத்தாயிருந்தோம். எங்கள் சிறுவன் ஒரு குதிரையின் பின்னே சென்றதைக் கவனித்தோமில்லை. அதன் காதுகள் சட்டெனப் பின்னோக்கி மடிந்தன. குதிரைக்காரப் பெரியவர் பாய்ந்து அவனை இழுத்திராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ!

குதிரைக்கு இருபுறமும் நன்கு தெரியும். நேர் பின்னே நிற்பவர் தெரியார். மிரண்டால் உதைத்துவிடும். "காது முன்னோக்கி நிமிர்ந்தால் படம் எடுங்கள், பின்னே மடிந்தால் விலகுங்கள்" என்றார் பெரியவர்.

அன்று எடுத்தவற்றுள், குதிரையின் தோளருகே அவர் கையைப் பற்றிச் சிறுவன் நிற்கும் படமொன்றே எங்கள் இல்லச் சுவரில் இடம்பெற்றுள்ளது. உல்லாசப் பயணம் செல்லும் அன்பர்கள் நினைவிற் கொள்வார்களாக.