வெள்ளத்தின் நட்டம் யாருடையது?

இடி விழுந்தாலும் கடல் பொங்கினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே என்று வாதிடுவோர் இன்னும் உளர். அவர்கள் விரும்பிக் காட்டும் சான்று, 1647ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட பரடைன் எதிர் ஜேன் வழக்காகும். உள்நாட்டுப் போரின்போது இளவரசர் ரூபர்ட்டின் படை நிலத்தைக் கைப்பற்றிக் குத்தகைக்காரனை வெளியேற்றியது. விளைவில் ஒரு மணியேனும் அவன் கைக்கு வரவில்லை. ஆயினும் குத்தகைப் பணத்தைச் செலுத்துமாறே மன்று பணித்தது. எதிர்பாராத இலாபம் அவனுக்குரியதாயின், எதிர்பாராத நட்டமும் அவனுக்குரியதே என்பது அங்கு கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று.

கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இந்நியாயம் தராசின் ஒரு தட்டை மட்டுமே பார்க்கிறது. குத்தகைப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? நிலத்தை அனுபவிப்பதற்காக. அவ்வனுபவமே பறிபோனபின் அதற்குரிய விலையை மாத்திரம் கேட்பது எவ்வகையில் வாக்குத் தவறாமையாகும்?

உரோமச் சட்ட அறிஞர்கள் இவ்வினாவை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருந்தனர். 533இல் யுஸ்தினியன் வெளியிட்ட சட்டத் திரட்டில் அவர்தம் கருத்துகள் உள்ளன. ஆற்றுப் பெருக்கு, நில அதிர்வு, பகைவர் படையெடுப்பு, ஏன், பயிரை அழிக்கும் பறவைக் கூட்டங்கூட, தடுக்கவியலா ஆற்றலாகக் கொள்ளப்பட்டு அந்நட்டம் நிலவுடைமையாளனைச் சாரும். திராட்சை மது புளித்துப்போதல், களையாலும் புழுவாலும் பயிர் கெடுதல் போன்றவையோ குத்தகைக்காரனின் நட்டம். இன்னொரு விதியும் உண்டு: கெட்ட ஆண்டில் குத்தகை தள்ளுபடி செய்யப்பட்டு, அடுத்த ஆண்டுகளில் நிலம் அள்ளிக் கொடுத்தால், தள்ளிய தொகையை உடைமையாளன் மீளப் பெறலாம். இருவரையும் ஒரே வயலில் நிற்பவர்களாகக் கண்ட சட்டம் அது.

இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை உரோம-டச்சுச் சட்டம். அப்படியிருக்க, இந்நாட்டில் பரடைன் வழக்கை வேதவாக்காக ஒப்புவிப்பது விந்தையே. ஆங்கிலேயரே அதிலிருந்து விலகிவிட்டனர். 1861இல் இலண்டனில் இசை நிகழ்ச்சிகளுக்கென நாளொன்றுக்கு நூறு பவுணுக்கு அமர்த்தப்பட்ட மண்டபம், முதல் நிகழ்ச்சிக்கு முன்னரே எரிந்து போயிற்று. 1863இல் ரெய்லர் எதிர் கோல்ட்வெல் வழக்கில் மண்டபத்தார் பொறுப்பினின்று விடுவிக்கப்பட்டனர். தீர்ப்பளித்த நீதியரசர் பிளாக்பேர்ண் துணைக்கு அழைத்தவற்றுள் உரோமச் சட்டமும் ஒன்று.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது தென்னந்தோப்புகள் பெருமளவில் வீழ்ந்தன. தோப்பொன்றை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தவனை எண்ணிப் பார்க்கலாம். புதிதாக நட்ட பிள்ளை காய்க்குமுன் அவன் தவணையே முடிந்துவிடும். வீழ்ந்து கிடக்கும் மரங்களுக்கு அவன் குத்தகை கொடுக்கவேண்டும் என்பதுதான் ‘ஒப்பந்தப் புனிதம்’ என்றால், அப்புனிதம் யாருடைய நலனுக்கானது?

இதனால், அனர்த்தம் என்ற சொல்லை உச்சரித்தவுடன் கடப்பாடு கரைந்துவிடும் என்பதன்று. ஆண்டுதோறும் பெய்யும் மாரி மழையைக் காட்டி, மதகு கட்ட ஒப்புக்கொண்டவன் தப்ப முடியாது. அது எதிர்பாராததன்று, அவன் விலையிற் சேர்த்திருக்கவேண்டியது. வேலை கடினமாயிற்று, செலவு ஏறிற்று என்பதும் போதாது. 78 வீடுகளை எட்டு மாதங்களிற் கட்ட ஒப்புக்கொண்டு, தொழிலாளர் பற்றாக்குறையால் 22 மாதங்கள் எடுத்த ஆங்கில நிறுவனமொன்று ஒப்பந்தம் முறிந்துவிட்டது என வாதிட்டபோது, 1956இல் பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. அது சரியான தீர்ப்பே. கட்டுவது இயலாததாகவில்லை, நட்டமானதாகவே ஆயிற்று.

ஆகவே அனர்த்தம் முன்னறியக்கூடியதா என்பதோடு விசாரணை முடிந்துவிடக்கூடாது. அந்த நட்டத்தை ஒப்பந்தம் யார் தோளில் வைத்தது, அப்படி வைக்கும் வலிமை யாரிடம் இருந்தது என்றும் கேட்கப்படவேண்டும். ‘இதற்கெனத் தனி வாசகத்தை எழுதிக்கொள்ளலாமே’ என்பர் சிலர். எழுதுவது யார்? அச்சிட்ட படிவத்தைக் கொண்டுவருபவனே. வெள்ளம், போர், வேலைநிறுத்தம் என நீளும் அப்பட்டியல் சரக்கு அனுப்பும் கடமையை இடைநிறுத்தும். பணஞ் செலுத்தும் கடமையைப் பெரும்பாலும் அது தொடுவதேயில்லை. அதில் ஒப்பமிட்ட சிறு வணிகன் கடை நீரில் மூழ்கிய பின்னரும் தவணை கட்டுகிறான். அவனுக்குச் சரக்கு அனுப்பவேண்டிய நிறுவனமோ அதே வெள்ளத்தைக் காட்டி விலகி நிற்கிறது.