தட்டோடு நாமும் போவோம்

டிசம்பர் பிறந்தாலே எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் அச்சுமுறுக்கும் கல்கலும்தான். 1 கிலோ மைதாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டுவோம். 25-ந் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும், பிள்ளைகளிடம் தட்டுகளைக் கொடுத்துத் தெரு முழுக்க அனுப்பிவிடுவேன்.

ஒரு வருஷம், எதிர்வீட்டு ஆச்சியின் வீட்டுக்காரர் தவறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'துக்க வீடாச்சே' என்று தயங்கி அங்கே அனுப்பவில்லை. மறுநாள் ஆச்சியே கேட்டார்கள்:

"வருஷம் திரும்புற வரைக்கும் நாங்கதான் பலகாரம் சுடக் கூடாது. மத்தவங்க கொடுத்தா சாப்பிடலாமே. நீயும் என்னை மறந்துட்டியேம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. சத்திரத்தில் இடமில்லாமல் தொழுவத்தில் பிறந்தவரின் பண்டிகையன்று, நானே ஒரு வாசலை ஒதுக்கிவிட்டேனே!

சாயங்காலம் நானே தட்டை எடுத்துப் போனேன். ஆச்சி ஒரே ஒரு கல்கல்தான் எடுத்தார்கள். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் ஆச்சி காத்திருந்திருக்கிறார்கள்!

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் தட்டு அங்கே போகட்டும். பிள்ளைகளை அனுப்பாதீர்கள், நீங்களே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்களேன்!