பந்திக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள்

ஆளுக்கு 4 இட்லி என்று வைத்தாலே 10,000 பேருக்கு 40,000 இட்லி. அதுவும் காலை ஏழரை மணிக்குள். வளர்கிற பிள்ளைகள் நாலோடு நிறுத்துவார்களா என்பது வேறு விஷயம்.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழா நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஜாம்போரி என்பார்கள், பெருந்திரளணி என்று அழகாகத் தமிழிலும் சொன்னார்கள். 1950-ல் தொடங்கிய இயக்கம், 75 வருஷக் கொண்டாட்டம். பல மாநிலங்களிலிருந்து 15,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து கூடாரத்தில் தங்கினார்கள். டி.வி-யில் அணிவகுப்பு காட்டினார்கள், கலை நிகழ்ச்சி காட்டினார்கள். எனக்கென்னவோ அந்த மேடைக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருக்கும் என்றுதான் மனசு ஓடியது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நேராகச் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிற ஆள் நான்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேரிடர் முகாம்களுக்கென்று உலக அளவில் ஒரு குறைந்தபட்ச அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 10,000 பேர் என்றால் தினமும் ஒன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற லாரி பன்னிரண்டு, பதின்மூன்று நடை அடிக்க வேண்டும். கழிப்பறை மட்டும் 500. இந்த ஐந்நூறையும் யார் கழுவுவது?

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கெம் என்ற இடத்தில் உலக சாரணர் ஜாம்போரி. கடலை மேடாக்கி எடுத்த நிலம். நிழலுக்கு மரம் கிடையாது. மழைத் தண்ணீர் வடியாமல் தேங்கிக் கிடந்தது. வந்தவர்கள் சுமார் 43,000 பேர். முதல் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெயில் தாங்காமல் சுருண்டார்கள். கழிப்பறைகள் பார்க்கச் சகிக்கவில்லை. பிரிட்டன் பிள்ளைகள் சுமார் 4,500 பேரும் அமெரிக்கப் பிள்ளைகளும் பாதியிலேயே மூட்டையைக் கட்டினார்கள். அந்த நாட்டுப் பிரதமரே நேரில் வந்து கழிப்பறையைச் சுத்தம் செய்தார் என்று செய்தி வந்தது. கடைசியில் புயல் வேறு வர, ஆகஸ்ட் 8 அன்று முகாமையே காலி செய்துவிட்டார்கள். பணக்கார நாடு, பல வருஷத் திட்டம். கவிழ்த்தது நிழலும் தண்ணீரும் கழிப்பறையும்தான்.

அந்த மாதிரி உலக ஜாம்போரிகளில் சர்வதேச சேவை அணி என்று ஒன்று இருக்கும். 18 வயது தாண்டியவர்கள். கைக்காசைக் கட்டி, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்து, சாப்பாட்டு மூட்டை சுமப்பார்கள், வாசலில் நிற்பார்கள், குப்பை அள்ளுவார்கள். “காசும் கட்டி வேலையும் பார்க்கணுமா?” என்று எங்கள் தெரு அக்கா ஒருவர் வாயில் விரலை வைத்தார். நம் ஊரில் ரோவர், ரேஞ்சர் என்று கல்லூரி வயதுப் பிரிவு இருக்கிறது. அவர்களுடைய குறிக்கோள் சொல்லே ‘சேவை’ என்ற ஒற்றை வார்த்தைதான்.

நமக்கு இது புதிதா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பாருங்கள். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கை நீளும். போட்டோவிலும் வடம்தான் வரும். சக்கரத்தின் ஓரத்திலேயே குனிந்து நகர்ந்தபடி தடி போட்டுத் தேரைத் திருப்புகிறவர், நிறுத்துகிறவர் யார் கண்ணிலும் படமாட்டார். அவர் கை ஒரு நொடி பிசகினால் தேர் கடைக்குள் போய்விடும்.

ராஜபாளையத்திலும் முன்பெல்லாம் கல்யாணப் பந்தி என்றால் தெருப் பையன்கள்தான் பரிமாறுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருத்தன் சோறு, ஒருத்தன் சாம்பார், இலையில் எது காலியாகிறது என்று பார்க்க ஒரு பெரியவர். இப்போது கேட்டரிங் ஆட்கள் கையுறை போட்டு வந்துவிடுகிறார்கள். வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு வாளி சாம்பாரை எத்தனை இலைக்கு நிரவலாம் என்று தெரியாமல் போனது.

அதைத் தெரிந்துகொள்ள மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்று நாட்டு நலப்பணித் திட்ட முகாம். 1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷத்தில் 240 மணி நேர வேலை, அதோடு ஒரு கிராமத்தில் 7 நாள் முகாம். நம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூட வராந்தாக்களில் பனியன் போட்ட பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பெரிய முகாமோ சின்ன முகாமோ, உள்வேலை ஒன்றுதான். போய் வந்த பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் கதை கதையாகச் சொல்கிறார்கள். செல்போன் சார்ஜ் போடுகிற இடத்தில்தான் முதல் சண்டை வருமாம். காணாமல் போனதைச் சேர்த்து வைக்கிற மேஜையில் குவிவது ஒற்றைச் செருப்பும் ஈரத் துண்டும். ராத்திரி ரோந்து போகிறவர்களுக்குத் திருடனைவிட நாய் தொல்லை. இரண்டாம் நாள் ராத்திரி, விளக்கணைத்த பிறகு, ஏதாவது ஒரு கூடாரத்தில் சின்னப் பிள்ளை ஒன்று வீட்டை நினைத்துத் தேம்பும். டாக்டரும் மருந்தும் அதற்கு உதவாது. பக்கத்தில் உட்கார்ந்து, “உங்க வீட்ல நாய் இருக்கா? பேரு என்ன?” என்று கேட்கத் தெரிந்த ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும்.

முதலுதவிக் கூடாரமும் அப்படித்தான், நாள் முழுக்கக் கூட்டம். கால் கொப்புளம், சிராய்ப்பு, வயிற்றுவலி. அங்கே சுற்றுகிற காஸ் துணியும் பேண்டேஜும் நம் சத்திரப்பட்டித் தறியில் ஓடியதாகக்கூட இருக்கலாம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஊர் ஊருக்குக் கட்டுத்துணி அனுப்புகிற ஊராயிற்றே.

சரி, கழிப்பறைக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம். முகாமில் மரம் நடுவதற்கு, பேரணி போவதற்குப் பிள்ளைகள் பெயர் கொடுப்பார்கள். கழிப்பறை என்றதும் வெளியிலிருந்து யாரையாவது கூப்பிடுவார்கள். யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக எந்தத் தெரு மனிதர்கள் மேல் அந்த வேலையை ஏற்றி வைத்தோமோ, அதே தெருவுக்குத்தான் ஆள் போகும். காந்தி பெயரில் தொடங்கிய திட்டத்தில் இது நடக்கலாமா? முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும், கூட வருகிற ஆசிரியர்களும் கழுவுகிற முகாம்களும் இருக்கின்றன. கையுறையும் பிரஷ்ஷும் லோஷனும் கொடுத்தால் அரை மணி நேர வேலை. உங்கள் வீட்டுப் பிள்ளை முகாமுக்குப் போகிறதென்றால், “சர்டிபிகேட் உண்டா?” என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். “எம்புள்ள கக்கூஸ் கழுவவா காலேஜுக்குப் போகுது” என்று சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னும் சிலதைக் கேட்கலாம், தப்பில்லை. தங்குமிடத்துக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, கூடத் தங்கும் பெண் ஆசிரியர் யார், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி வைத்திருக்கிறார்களா. இதற்கெல்லாம் பதில் சொல்லச் சலித்துக்கொள்ளும் முகாமுக்கு அனுப்ப வேண்டாம். பதில் சரியாக வந்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். அண்ணன் போகலாம், தங்கை போகக் கூடாது என்ற கதை வேண்டாம்.

பையில் வைக்க வேண்டியது அதிகமில்லை. போர்வை, இரண்டு துண்டு, டார்ச், கொசுவத்தி, கயிறு கொஞ்சம், வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் அதன் சீட்டோடு. புதுச் செருப்பு வேண்டாம், கடித்துவிடும். பால்கோவா கொடுத்து அனுப்புவதானால் பெட்டி சின்னதாக இருக்கட்டும், முதல் நாளே தீர்ந்துவிடும். சில்வர் தட்டும் டம்ளரும் கட்டாயம். பாத்திரக் கடையில் கொடுத்து, பிள்ளையின் பெயரை அடியில் வெட்டி வாங்கிவிடுங்கள். முன்னெழுத்தையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். ஒரு முகாமில் குறைந்தது நாலு கார்த்திக் இருப்பான்.