தொடக்கக் கோட்டில் எல்லோரும் ஒன்றே

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நூறு மீட்டர் ஓட்டம் பத்து விநாடியில் முடிந்துவிடுகிற காரியம். ஆனால் சில ஓட்டங்களைப் பற்றிய வாதம் பத்து ஆண்டு கடந்தும் முடிவதில்லை. தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் நடைபெற்ற ஆடவர் நூறு மீட்டர் இறுதி ஓட்டம் அத்தகையது. உலகின் மிக வேகமான மனிதர் அன்று ஓடவே இல்லை. அவரைத் தடுத்தது காயம் அல்ல, நோய் அல்ல, ஒரு விதி. அந்த விதி கொடியது என்பார் சிலர். நல்லது என்பார் சிலர். விடுதித் திண்ணையிலும் விளையாட்டுத் திடலிலும் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நான் இரண்டாம் கட்சி. அதற்கான காரணங்களை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜமைக்கா நாட்டின் உசேன் போல்ட் 2009ஆம் ஆண்டு பெர்லின் உலகப் போட்டியில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தவர். டேகுவில் அவர்தாம் வெல்வார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வீரர்கள் குனிந்து கோட்டில் கை ஊன்றினர். 'செட்' என்ற சொல் ஒலித்தது. துப்பாக்கி வெடிக்கும் முன்பே போல்ட் பாய்ந்துவிட்டார். கண்ணால் கண்டே சொல்லக்கூடிய தவறு அது. தவறு என்று அவருக்கே உடனே தெரிந்துவிட்டது. பனியனைக் கழற்றியபடி ஓடுதளத்தை விட்டு விலகினார். எஞ்சிய எழுவர் மீண்டும் வந்து குனிந்தனர். ஜமைக்காவின் யோகான் பிளேக் எதிர்க்காற்றில் 9.92 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அமெரிக்காவின் வால்டர் டிக்ஸ் 10.08 விநாடியில் இரண்டாம் இடம். செயின்ட் கிட்ஸ் நெவிஸ் என்னும் சின்னஞ்சிறு தீவு நாட்டைச் சேர்ந்த, முப்பத்தைந்து வயதான கிம் காலின்ஸ் 10.09 விநாடியில் மூன்றாம் இடம்.

"ஒரே ஒரு தவறுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று உலகமே கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விதி எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும்.

2003க்கு முன்பு ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தவறான தொடக்கம் மன்னிக்கப்பட்டது. இரண்டாவது முறை செய்தவரே நீக்கப்பட்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், முந்தைய ஒலிம்பிக்கின் வெற்றி வீரரான பிரிட்டனின் லின்ஃபோர்டு கிறிஸ்டி அவ்வாறுதான் இறுதி ஓட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு மன்னிப்பு என்றால் ஓட்டம் எப்போது தொடங்கும்? ஆகவே 2003இல் விதி மாறியது. முதல் தவறு யார் செய்தாலும் அது எல்லோர் கணக்கிலும் எழுதப்படும். அதன்பின் யார் தவறினாலும் அவர் வெளியே!

எண்ணிப் பாருங்கள். ஒருவன் செய்த தவறுக்கு எல்லோர் தலையிலும் எச்சரிக்கை; அடுத்துத் தவறியவன் அது தன் முதல் தவறாக இருந்தாலும் தண்டனை பெறுகிறான். இது எந்த ஊர் நியாயம்? தொடக்கத்தில் மெதுவாக எழுபவன் வேண்டுமென்றே முதல் தவறைச் செய்து, விரைவாக எழுபவர்களை அச்சத்தில் உறையவைக்கலாம். அந்தத் தந்திரத்துக்கும் அவ்விதி கதவைத் திறந்து வைத்தது. அதே 2003இல் பாரிஸ் நகர உலகப் போட்டியில், கால் இறுதி ஓட்டம் ஒன்றில், முதல் தவறு வேறொருவருடையது. இரண்டாம் முறை அமெரிக்காவின் ஜான் டிரம்மண்டும் ஜமைக்காவின் அசாஃபா பவலும் நீக்கப்பட்டனர். டிரம்மண்ட் ஓடுதளத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு, தாம் அசையவே இல்லை என்று வாதாடினார். போட்டி நெடுநேரம் நின்றுபோயிற்று.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் முடிவு கட்டத்தான் 2010ஆம் ஆண்டு முதல் புதிய விதி வந்தது: முந்திப் பாய்ந்தவர் எவரோ, அவர் உடனே வெளியே. கடுமையானதுதான். ஆனால் தவறு செய்தவனே தண்டனை பெறுகிறான். பக்கத்துப் பாதையில் இருப்பவன் அல்ல. பழைய விதியில் இல்லாத இந்த நேர்மை புதிய விதியில் இருக்கிறது.

இப்போது எதிர்க்கட்சியாரின் வாதங்களுக்கு வருகிறேன்.

"மக்கள் போல்ட்டைப் பார்க்கத்தானே பணம் கொடுத்து வந்தார்கள்? அவருக்கு மட்டும் ஒரு வாய்ப்புத் தந்தால் என்ன?" என்பது முதல் வாதம். அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. போல்ட்டுக்கு முந்தைய நாள், அதே அரங்கில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் மகளிர் 400 மீட்டர் வெற்றி வீராங்கனை கிறிஸ்டீன் ஒகுருகு இதே தவறுக்காக முதல் சுற்றிலேயே வெளியேற்றப்பட்டார். போல்ட் தவறிய அதே நாளில், அரையிறுதியில் பிரிட்டனின் டுவைன் சேம்பர்ஸ் வெளியேற்றப்பட்டார். அவர்களுக்காக அரங்கம் அழவில்லை. விதியை மாற்று என்று உலகம் கூச்சலிடவில்லை. அவர்களை வெளியேற்றிவிட்டுப் போல்ட்டை மட்டும் மறுபடி ஓட விட்டிருந்தால் அதற்குப் பெயர் கருணையா? பாரபட்சம் அல்லவா! தேர்வு மண்டபத்தில் மணி அடிக்கும் முன்பே விடை எழுதத் தொடங்கிய மாணவனை, 'அவன் முதல் வகுப்பில் தேறுபவன்' என்று சொல்லி விட்டுவிடலாமா? கடைசி பெஞ்சுக்காரனுக்கு ஒரு நீதி, முதல் பெஞ்சுக்காரனுக்கு ஒரு நீதி என்றால் அந்தத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு?

"போல்ட் இல்லாத ஓட்டத்தில் பிளேக் பெற்ற தங்கம் தங்கமா?" என்பது இரண்டாம் வாதம். துப்பாக்கி ஒலிக்கும் வரை பொறுத்திருப்பதும் அந்த ஓட்டத்தின் ஒரு பகுதியே. அந்தப் பகுதியில் எழுவர் தேறினர், ஒருவர் தேறவில்லை. தேறியவர்களில் முதல்வர் பிளேக். இதில் குறை காண என்ன இருக்கிறது? கிம் காலின்ஸை நினைத்துப் பாருங்கள். 2003 பாரிஸ் உலகப் போட்டியில் நூறு மீட்டர் தங்கம் வென்றவர் அவர்தாம். எட்டு ஆண்டு கழித்து, ஓட்டக்காரர் பலர் ஓய்வு பெற்றுவிடும் வயதில், மீண்டும் மேடை ஏறினார். போல்ட்டுக்குச் சலுகை காட்டியிருந்தால், அந்தச் சலுகையின் விலையைக் கொடுத்திருக்க வேண்டியவர் காலின்ஸைப் போன்ற ஒருவர். ஒருவனுக்குக் காட்டும் சலுகை இன்னொருவன் பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதைக்கும் எட்டாம் பாதைக்கும் இடையே சுமார் எட்டரை மீட்டர். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அப்படியானால் முதல் பாதையோரம் நின்று துப்பாக்கியால் சுட்டால், அந்த ஓசை எட்டாம் பாதைக்காரன் காதுக்குச் சுமார் 0.025 விநாடி தாமதமாகவே போய்ச் சேரும். டேகுவில் டிக்ஸுக்கும் காலின்ஸுக்கும் இடையே இருந்த வித்தியாசமோ வெறும் 0.01 விநாடி! இதனால்தான் பெரிய போட்டிகளில் ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் ஒலிபெருக்கி வைத்து, எட்டுப் பேருக்கும் ஒரே கணத்தில் ஓசை கேட்கும்படி செய்கிறார்கள். தொடக்கத்தில் சமத்துவம் வேண்டும் என்பதற்காக இத்தனை பாடுபட்டுவிட்டு, புகழ் பெற்றவருக்கு மட்டும் இன்னொரு தொடக்கம் தரலாமா?

அதற்காக விதியில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. துப்பாக்கி ஒலித்து 0.100 விநாடி ஆகும் முன் காலின் அழுத்தத்தைக் கருவி உணர்ந்தால் அதுவும் தவறான தொடக்கமே. ஓசை காதில் விழுந்து மூளைக்கு எட்டி, தசை இயங்க அவ்வளவு நேரமாவது ஆகும் என்பது அதன் அடிப்படை. 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகப் போட்டியில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் என்ற வீரர் 0.099 விநாடி என்ற கணக்கில் நீக்கப்பட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு! மனித உடல் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்ததா? போல்ட்டின் தவறைக் கண் கண்டது; ஆலனின் தவறைக் கருவி மட்டுமே கண்டது. இந்த எல்லையை அறிவியலார் மறுபடி ஆராய்ந்து திருத்த வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் திருத்தம் ஓட்டத்துக்கு முன்பு, எல்லோருக்குமாக வர வேண்டும். ஓட்டத்தின் நடுவே, ஓர் ஆளுக்காக வரக் கூடாது. விதி கடுமையா என்பது ஒரு கேள்வி. அது எல்லோருக்கும் பொதுவா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வாதம் முடியாமல் நீள்கிறது.

அந்தத் தண்டனையால் போல்ட் அழிந்தாரா? இல்லை. அதே டேகுவில் சில நாட்களில் 200 மீட்டரை 19.40 விநாடியில் வென்றார். பிளேக்கும் அவரும் இருந்த ஜமைக்காவின் தொடர் ஓட்ட அணி 37.04 விநாடியில் உலகச் சாதனை படைத்தது. அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், துப்பாக்கி ஒலிக்கும் வரை காத்திருந்து, 9.63 விநாடியில் பிளேக்கை வென்றார். அந்த வெற்றியைச் சலுகை என்று எவரும் சொல்ல முடியாது. அவருக்கு விதி செய்த மிகப் பெரிய மரியாதை அதுதான்.

நண்பர்களே! நாம் நாளை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பொது வாழ்விலும் பொறுப்பேற்கப் போகிறவர்கள். வரிசையில் முந்துகிறவர் பெரிய மனிதராக இருந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளச் சொல்லும் குரல்கள் அங்கே நிறையக் கேட்கும். டேகுவில் ஓர் அரங்கமே ஒருவருக்காக ஏங்கி நின்றபோது, ஒரு தொடக்க அதிகாரி தம் கடமையைச் செய்தார். அவர் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் அன்று ஓடிய எழுவரின் ஓட்டமும் நேர்மையான ஓட்டமாக நிற்பதற்குக் காரணம் அவரே என்பது என் துணிபு.