எலும்பில் ஓர் எழுத்தாணி

எங்கள் அடுத்த வீட்டு மாமி போன வாரம் முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்த காகிதத்தில் 'லாட்டரல் மாலியோலஸ்' என்று இருந்தது. அதைக் கேட்டதும் மாமிக்குக் கால் வலிகூட மறந்துபோயிற்று. "இது என்னடி அம்மா, பெயரே வாயில் நுழையாத வியாதி!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

வியாதியே இல்லை, சகோதரிகளே! 'மாலியோலஸ்' என்றால் லத்தீன் பாஷையில் சின்னச் சுத்தியல். கணுக்காலின் இரு பக்கமும் குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறதே, அதற்குத்தான் இந்தப் பெயர். 'லாட்டரல்' என்றால் வெளிப்பக்கம். மாமிக்கு வெளிப்பக்கத்துக் குமிழில் விரிசல். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

பெரியவர்கள் உடம்பில் 206 எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் மேடு, பள்ளம், வரப்பு, துளை என்று எத்தனையோ! மேடுகள் பெரும்பாலும் தசை பிடித்து இழுக்கும் இடங்கள். பள்ளங்களில் பல, இன்னோர் எலும்பு பொருந்தி உட்காரும் இடங்கள். துளைகள், நரம்பும் ரத்தக் குழாயும் போய் வரும் வாசல்கள். உடலை அறுத்துப் பார்த்த பழைய பண்டிதர்கள், இவை எந்தப் பொருளை ஞாபகப்படுத்தினவோ அந்தப் பெயரையே வைத்தார்கள். ஆளுக்கொரு பெயராகிக் குழப்பம் முற்றவே, 1895-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் கூடி ஒரு பொதுப் பட்டியலை ஒப்புக்கொண்டார்கள்.

கையிலுள்ள கரண்டியைச் சற்றுக் கீழே வையுங்கள். மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கமாகத் தடவிப் பாருங்கள். எலும்பு கூராக முடிகிறதல்லவா? அது 'ஸ்டைலாய்டு', எழுத்தாணி போன்றது என்று பொருள். தோளின் முன்பக்கம், காறை எலும்புக்குக் கீழே அழுத்தினால் தட்டுப்படும் முண்டு 'கோரகாய்டு'. அதாவது காக்கை மூக்கு! தொடை எலும்பின் தலை உருளும் இடுப்புக் குழிக்கு 'அஸிடாபுலம்' என்று பெயர். ரோமாபுரியில் சாப்பாட்டு மேஜையில் காடி வைத்த கிண்ணம் அது. மண்டைக்குள்ளே 'துருக்கிச் சேணம்' ஒன்றுகூட உண்டு. பிட்யூட்டரி சுரப்பி அதன்மேல் ஜம்மென்று சவாரி செய்கிறது.

இனி, காது மடலுக்குப் பின்னால் விரலை வையுங்கள். அங்குள்ள எலும்பு மேடு 'மாஸ்டாய்டு'. கிரேக்க மொழியில் மார்பகம் போன்றது என்று அர்த்தம். பிறந்த குழந்தைக்கு இந்த மேடு இராது. கழுத்து நின்று, அம்மாவின் குரல் வந்த திசையில் தலையைத் திருப்பித் திருப்பி, தசை இழுக்க இழுக்க வளர்வது இது. உள்ளே தேன்கூடு போலக் காற்றறைகள் இருக்கின்றன. நடுக்காதிலிருந்து அவற்றுக்கு வழி உண்டு. ஆகவே காதில் சீழ் கோத்தால் இங்கேயும் பரவலாம். இதை அடுத்து இருப்பதோ மூளை!

குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவு செய்து வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அது கெடுதலில் முடியும். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, தொட்டால் குழந்தை துடித்து, காது மடல் முன்னே தள்ளிக்கொண்டு நின்றால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்த பிறகு இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது, அடியோடு ஒழிந்துவிடவில்லை.

பெயர் புரிந்தால் வீண் பயம் போகும். பயப்பட வேண்டிய இடமும் தெரியும். எங்கள் மாமியைப் பாருங்களேன்! இப்போது விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம், "ஒன்றுமில்லை, சுத்தியலில் சின்ன விரிசல்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.