மண்ணுக்கு மூடாக்கு போட்டோம், தாய்க்கு?

போன மாதம் நிலக்கடலைக்குக் களை எடுக்கும்போது ஒரு பெண் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஏழு மாத கர்ப்பம். "ஏம்மா, வீட்ல இருக்கக் கூடாதா?" என்றேன். "இருந்தா கூலி யாருங்கய்யா குடுப்பாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வங்கியில் இருந்தவரை எத்தனையோ பேறுகால விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டவன் நான். 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு தரச் சொல்கிறது. நம் காட்டுக்குக் கூலிக்கு வரும் பெண்ணுக்கு அது எட்டாது.

நாம் நுண்ணுயிர் பேசுகிறவர்கள். 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு 10 கிலோ சாணம் என்று கணக்குச் சொல்வோம். குழந்தையின் குடலுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. பிறக்கும்போது தாயிடமிருந்துதான் அது முக்கியமான நுண்ணுயிர்களைப் பெறுகிறது. தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத சில சர்க்கரைகள் உண்டு. அவை பிஃபிடோ பாக்டீரியாவுக்கான தீனி.

நெதர்லாந்தில் 56 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 110 நாள்வரை கவனித்து, 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் மன அழுத்தம் அதிகமாக இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் பிஃபிடோவும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் குறைவு. எஸ்கெரிச்சியா போன்றவை அதிகம். வயிற்றுக் கோளாறும் ஒவ்வாமையும் கூடவே இருந்தன. தாய்ப்பால் கொடுத்தும் இந்தத் தொடர்பு மாறவில்லை. சிறிய ஆய்வுதான், இதையே முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

"பழைய சோறும் மோரும் குடிக்கச் சொல்லுங்க, சரியாப் போயிடும்" என்பார் நண்பர். நல்லதுதான். ஆனால் வெயிலில் காய்ந்து கிடக்கும் மண்ணில் ஜீவாமிர்தம் ஊற்றினால் மட்டும் போதுமா? மூடாக்கு வேண்டாமா? நாளைய கூலிக்குப் பயந்து வெயிலில் குனிகிற பெண்ணுக்கு அந்த மூடாக்கு எது? குறையைத் தாய் மேல் போட்டுவிட்டு நாம் நகர முடியாது.

அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்குத் தவணையாக வருகிறது. மீதியை நாம் பார்க்கலாம். எங்கள் பக்கக் கணக்கு இது: நாள் கூலி 350, மாதம் 20 நாள், மூன்று மாதத்துக்கு 21,000 ரூபாய். அந்தப் பெண் வேலைக்குப் போகும் காடுகள் ஏழு. ஆளுக்கு 3,000. ஒரு லோடு தொழுவுரம் வாங்க யோசிக்காத நமக்கு இது பெரிய தொகையா?

இப்போதைக்கு அவருக்கு நிழலில் விதை பொறுக்கும் வேலை, கூலி அதேதான். மற்றதை எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். உங்கள் ஊரிலும் பேசிப் பாருங்கள்.