நான் எழுதாமல் விட்ட வரி

எங்கள் அன்பியத்துக்கு, அதாவது கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கு, ரொம்ப வருசமாக நான்தான் எழுத்தர். வாத்தியாராக இருந்தவன், கையெழுத்து புரியும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. கருமத்தம்பட்டிப் பக்கம், விசைத்தறிச் சத்தம் ராத்திரியிலும் ஓயாத ஊர். மாதம் ஒரு வீட்டில் கூடுவோம். வாசகம், மன்றாட்டு, டீ, சுண்டல். முடிந்ததும் நோட்டில் நாலு வரி எழுதிப் பங்குத்தந்தையிடம் கையெழுத்து வாங்குவேன்.

2021 அக்டோபர் 17 அன்று உலகம் முழுக்க மறைமாவட்டங்களில் ஒரு வேலை தொடங்கியது. திருச்சபை எப்படி நடக்கிறது, எப்படி நடக்கவேண்டும் என்று சாதாரண விசுவாசிகளையும் கேட்கச் சொன்னார் போப் பிரான்சிஸ். தமிழில் அதற்கு 'கூட்டொருங்கியக்கத் திருஅவை' என்று பெயர். திருச்சபையைத் திருஅவை ஆக்கியதற்கே எங்கள் அம்மா சமாதானமாகவில்லை. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொன்னவரை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

கேள்வித்தாள் வந்தது. பத்துத் தலைப்பு. 2022 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்தோம். ஆண்கள்தான் முதலில் பேசினோம். கோவில் மைக் இரைகிறது. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். திருவிழாக் கணக்கைப் பலகையில் ஒட்டவேண்டும். எல்லாவற்றையும் எண் போட்டு எழுதினேன். எழுதி முடித்து நோட்டை மூடப்போகும்போது, கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மணி ஒருவர், தறிக்குப் போகிறவர், வாய் திறந்தார்.

"ஏனுங்ண்ணா, கருக்கலைப்பு வேண்டாம்னு வருசா வருசம் செபம் சொல்றமுங்க. எனக்கு ரெண்டாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சப்ப ஆஸ்பத்திரிக்கு எங்கூட்டுல ஆரும் எட்டிப் பாக்க வரலீங்க. அதுக்கு ஒரு செபம் இல்லீங்களா?"

யாரும் பேசவில்லை. ஒருவர் சுண்டல் தட்டை நகர்த்தி வைத்தார். நான் எழுதினேன்: '14. குடும்பநலப் பணிக்குழு வலுப்பெற வேண்டும்.'

அந்த வரி எங்கெல்லாம் போயிருக்கும்! பங்கிலிருந்து மறைமாவட்டத்துக்கு, அங்கிருந்து இந்திய ஆயர் பேரவைக்கு, அப்புறம் ரோமுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாகக் கிடந்த ஒரு பெண், என் பேனாவிலேயே பணிக்குழு ஆகிவிட்டாள். பிஷப்பையும் வத்திக்கானையும் குறை சொல்வதற்கு முன்னால் நான் சொல்லவேண்டியது இது.

கருக்கலைப்புச் சட்டம் 1971 ஆகஸ்ட் 10-ல் வந்தது. 2021 திருத்தம் சில வகைப் பெண்களுக்கு 20 வாரத்தை 24 ஆக்கியது. 2022-ல் அதே ஆகஸ்ட் 10 அன்று டெல்லியில் கத்தோலிக்கர்கள் பேரணி போனார்கள். வயிற்றில் இருப்பதும் உயிர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் எங்கள் இளைஞர்கள் அனுப்பும், கருக்கலைப்புக்கு எதிரான 'புரோ லைஃப்' வாட்ஸப் வீடியோக்கள் மேல்தான். எல்லாம் அமெரிக்கச் சரக்கு. அங்கே இதை வைத்துக் கத்தோலிக்க ஓட்டே இரண்டாகப் பிரியும். இங்கே சூலூரிலோ பல்லடத்திலோ ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நாமும் அவர்களைக் கேட்டதில்லை.

நம் ஊர்க் கதை வேறு. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகள்தான். தர்மபுரியில் 826. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் தொடங்கவேண்டி வந்ததும் சும்மா இல்லை. அந்தக் குழந்தைகளை விழுங்கியது கருக்கலைப்புச் சட்டத்தின் வாரக்கணக்கு இல்லை. ஸ்கேன் அறையும், வரதட்சணைப் பவுனும், 'இதுவும் பொட்டப்புள்ளயா' என்ற மாமியார் குரலும். நாற்பது வயதிலும் பெண் கிடைக்காமல் பாலக்காட்டுப் பக்கம் தரகரை அனுப்புகிற வீடுகள் அந்தக் கணக்கின் மிச்சம். ஞானஸ்நானம் வாங்கிய வீடு, வாங்காத வீடு என்று இதில் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை. புரோ லைஃப் அரசியல் கொங்கு நாட்டில் தொடங்குவதானால், பவுன் கேட்கிற கல்யாணத்துக்குக் கோவிலில் ஓலை வாசிக்கிற இடத்தில் தொடங்கவேண்டும்.

திருச்சபை பிள்ளைப்பேறு விசயத்தில் குடும்பஸ்தர்களைக் கேட்டதே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1960-களில் கருத்தடை பற்றி ஆராய்ந்த போப்பின் ஆணையத்தில் சிகாகோவைச் சேர்ந்த பேட்ரிக், பேட்டி குரோலி தம்பதி இருந்தார்கள். தம்பதிகளின் கடிதங்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். ஆணையத்தில் பெரும்பான்மை 1966-ல் மாற்றம் கேட்டது. 1968 ஜூலையில் ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் அதை ஏற்கவில்லை. அவர் முடிவு அவர் உரிமை. நம் ஊர்ச் சுவர்களிலோ குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் ஏறிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்றது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. எங்கள் அன்பியத்தில் மூன்றாவது பிள்ளை உள்ள வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது எப்படி என்று எந்தப் பங்குச் சாமியும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கொங்கு விவசாயிக்குக் கருத்துக்கேட்பு புதுசு இல்லை. 2013 மார்ச்சில், விளைநிலம் வழியாக வரவிருந்த கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்க்காக ஏழு மாவட்டத்துக்காரர்களைக் கோவையில் கூட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது தமிழக அரசு. 2016-ல் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தோற்றோம்தான். ஆனால் தென்னந்தோப்புக்காரன் 'என் தோப்பு போகுதுங்க' என்று சொன்னதை யாரும் 'நிலநலப் பணிக்குழு' என்று மாற்றி எழுதவில்லை.

2021-ல் தொடங்கிய அந்த வேலைக்கு ரோமில் 2024 அக்டோபர் 26-ல் நிறைவேறிய இறுதி ஆவணம், பங்கு ஆலோசனை அமைப்புகளைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. இந்த அமைப்புகள் சொல்வது வெறும் ஆலோசனைதான் என்று திருச்சபைச் சட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிற வாசகத்தையும் மறுபடி ஆராயச் சொல்கிறது. பிரான்சிஸ் போய்விட்டார், லியோ வந்திருக்கிறார், வேலை நிற்கவில்லை. 2028 அக்டோபரில் ரோமில் பெரிய கூட்டம். அதற்கு முன் கேள்வித்தாள் மறுபடி நம் தெருவுக்கு வரலாம்.

போன கூட்டத்துக்குப் பழைய நோட்டை எடுத்துப் போனேன். 14-ஐ அடித்துவிட்டு, அம்மணி சொன்னதை அவர் சொன்னபடியே ஓரத்தில் எழுதி, அவரிடமே படித்துக் காட்டினேன். "பேரு போடாதீங்கண்ணா" என்றார். போடவில்லை.

உங்கள் அன்பியத்திலும் ஒரு எழுத்தர் இருப்பார். அடுத்த கூட்டத்தில் அவர் நோட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள்.